ஆளில்லாத கலம் நிலவைச் சுற்றுகிறது, அப்பா

கடலுக்குப் போன என் அன்பு அப்பாவுக்கு,

உங்களுக்கு ஒரு புதினச் செய்தி. ஜப்பான்காரர் முதன்முதலாக ஒரு கலத்தை அனுப்பி நிலவைச் சுற்ற வைத்துவிட்டார்கள். உள்ளே ஒரு மனிதர்கூட இல்லை. தன்பாட்டில் சுற்றுகிறதாம். நம்புவீர்களா?

சண்டையால் குருநகரில் இப்போது மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் றேடியோ கேட்கிறோம். அன்று பொழுதுபடச் சுற்றியது அம்மாவின் தம்பி சூசை மாமா. 'நிலவைச் சுற்றி வருகிறது' என்று செய்தி சொன்னதும், மாமா வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்தார். கை நின்றது. றேடியோவும் நின்றது.

"சுத்தடா அறுவானே! அது நிக்காமல் சுத்துது, நீ நிக்கிறாய்!" என்று அம்மா கத்த, முற்றமெல்லாம் சிரிப்பு. மாமா மறுபடி சுற்றினார். மிச்சச் செய்தி அந்தச் சிரிப்பில் அம்மாவுக்குக் கேட்கவில்லை.

நானும் அண்ணாந்து பார்த்தேன். நீங்கள் வள்ளம் இறக்குமுன் பார்க்கிற அதே நிலவு. அதைச் சுற்றி மனிதர் கையால் செய்த ஒரு சாமான்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, அப்பா. எங்களுக்கு விளக்கெரிக்க எண்ணெய் இல்லாத காலத்தில் இப்படியும் நடக்குமா?

உங்கள் வள்ளமும் ஆளில்லாமல்தான் கரையொதுங்கியது. அன்றிலிருந்து அம்மா உங்களுக்கு இறந்தோர் பூசை வைக்க விடவில்லை. "மனுசன் வருவார். உயிரோடை இருக்கிறவருக்கு ஆரடி பூசை வைக்கிறது?" என்று ஒரே பிடி. பங்குச் சுவாமியார் வந்து சொல்லியும் கேட்கவில்லை.

அன்று சிரிப்பு அடங்கியதும் அம்மா நிலவைக் காட்டிக் கேட்டார்.

"உது திரும்பி வருமோ பிள்ளை?"

"வராதாம் அம்மா. வேலை முடிய அங்கையே விழுமாம்."

"அனுப்பினவைக்கு உது முந்தியே தெரியுமோ?"

"ஓம். தெரிஞ்சுதான் விட்டவை."

அம்மா நிலவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "குடுத்து வைச்ச சனம்" என்றார்.

விடிந்ததும் என்னை எழுப்பி, "சுவாமியிட்டைப் போய், உன்ரை கொப்பருக்கு ஒரு பூசை சொல்லிப்போட்டு வா" என்றார். கோயில் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன்.

ஞாயிறு பூசையில் உங்கள் பெயர் வாசிப்பார்கள். பூசை முடிந்தாலும் அம்மா கரைக்குப் போய் நிற்கத்தான் போகிறார், எனக்குத் தெரியும். நிற்கட்டும். இனித் தனியே நிற்க விடமாட்டேன், அப்பா.

உங்கள் மூத்தவள்,
செபமாலை