மந்திரி வேஷம்

ஆடி 12, செவ்வாய்

பேய்க்காற்று. மாடியில் காயப்போட்ட ராஜா உடுப்பு பக்கத்து வீட்டு முருங்கையில். நீல வெல்வெட், என் தையல். முளைப்பாரி நாடகத்தில் இந்த வருஷம் தம்பி செல்வம்தான் ராஜா. மந்திரி வேஷம் பாண்டிக்கு. நிஜத்திலும் வாயைத் திறந்தால் பொய், பொழுது சாய்ந்தால் தண்ணி. பொருத்தம்.

மாரி சித்தி போன். வெள்ளிக்கிழமை நாடகம் பார்க்கிற சாக்கில் பெண் வீட்டார் வந்து செல்வத்தை மறைவாகப் பார்த்துவிட்டுப் போவார்களாம். பிடித்தால்தான் முறையாகப் பேச்சு. அவனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் ஏதாவது சாக்கு வைத்திருப்பான்.

ஆடி 14, வியாழன்

ஒத்திகை. தளபதியின் படுக்கையில் ராணியின் மூக்குத்தியைப் போட்டுவிட்டு, மந்திரி ராஜாவைக் கூட்டிவந்து காட்டுகிறான். ராஜா உடனே வாளை உருவுகிறார். வருஷா வருஷம் எரிச்சல். கூடக் குடும்பம் நடத்தினவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துபோகும்? செல்வத்திடம் சொன்னேன். கேட்டுவிட்டால் அப்புறம் நாடகம் ஏது என்று சிரிக்கிறான்.

வாங்க: ஊக்கு, ரோஸ் பவுடர், விருந்தாளிகளுக்குக் கலர் சோடா.

ஆடி 16, சனி

தலைவலி. நேற்று எல்லாம் பாழ்.

வேஷம் கட்டும்போது செல்வத்துக்குத் திடீரென்று தொண்டைக்கட்டாம். ராஜாவுக்குப் பாட்டு அதிகம், மந்திரிக்கு வசனம் மட்டும், மாற்றிக்கொள்கிறோம் என்றான். இரண்டு பேருக்கும் முழு நாடகமும் மனப்பாடம். கத்திப் பார்த்தேன், கேட்கவில்லை. என் வெல்வெட்டைப் பாண்டி மாட்டியதில் அக்குள் தையல் விட்டுப்போனது.

செல்வம் நடித்ததோ, பாவி, ராணி காலில் விழுந்து தாயே என்று அழுதுகொண்டே மூக்குத்தியை அமுக்கினான். எங்கள் தெருப் பெண்களே மண்ணை வாரித் தூற்றினார்கள்.

காலையில் சித்தி போன். பெண்ணின் அப்பா சொன்னாராம்: "இம்புட்டு அழகா பொய் சொல்றவனுக்கு எப்பிடிம்மா பொண்ணக் குடுக்க?" அத்தோடு விட்டாலும் பரவாயில்லை. அந்த ராஜா பையன் யார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தாராம். பாண்டியை. ராணி செத்ததும் அவன் தள்ளாடி அழுததில் மனசு இளகிவிட்டதாம். அது போதை. யாரிடம் சொல்லி அழ.

ஆடி 17, ஞாயிறு

காற்று குறையவில்லை. வெல்வெட்டைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே குளித்தபடி செல்வம் பாடுகிறான். ராஜா பாட்டு, உச்சத்தில், பிசிறில்லாமல்.

ஊசியோடு போய்க் கதவோரம் நின்றேன். ஈரத்தலையோடு வந்தவன் மறைக்கவில்லை. மேடைக்கு முன்னால் நான் போட்ட நாலு நாற்காலியைப் பார்த்ததுமே பெண் வீட்டார் வருகிறார்கள் என்று தெரிந்துவிட்டதாம். "நம்மூர்ல நாடகத்த எவன் நாற்காலில உக்காந்து பாத்தான்?" வாலிநோக்கத்தில் ஒரு பெண்ணாம். உப்பளத்தில் வேலையாம். இரண்டு வருஷப் பழக்கமாம்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீ என்னைய ஒரு வார்த்த கேட்டியாக்கா?"

துண்டைக் கொடியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். நாலு இட்லி வைத்தேன். சட்னி ஊற்றும்போது கேட்டேன், அவள் பேர் என்ன என்று.