நான் நிற்காத தேர்தல்

ஓபர்மாட், நவம்பர் 29

அன்புள்ள ரெமிகி,

இங்கே நான் நலம், முழங்கால்கூட நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கையுறை மறக்காமல், குளிரில் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். பதினேழாம் தேதியோடு நம் வீட்டுப் பக்கம் சூரியன் போய்விட்டது, இனி பிப்ரவரியில்தான். ஆற்றுக்கு அந்தக் கரையில் ஃப்ரேனியின் விடுதி வாசலில் மட்டும் மதியம் இருபது நிமிடம் வெயில். ஊரே அங்கேதான் காப்பி குடிக்கிறது. தொலைபேசியில் சொன்னால் நடுவில் பேசுவாய், அதனால் கடிதம். உன்னிடம் வர எடுத்த ஜனவரி எட்டாம் தேதி விமான டிக்கெட் பற்றிய விஷயம். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

கார்ல் ஃபுரருக்கு அறுபத்தைந்து முடிந்தது. மறுநாளே ஊராட்சி மன்றத்திலிருந்து விலகிவிட்டார், ஒரு நாள் பிசகவில்லை. அந்த இடத்துக்கு அக்டோபர் கடைசி ஞாயிறு தேர்தல். நீ போய் ஏழு வருடம் ஆகிறது, நம் ஊர்த் தேர்தல் எப்படி நடக்கும் என்று மறந்திருப்பாய். உன் ஊரில் முகத்தைச் சுவரில் ஒட்டி ஓட்டுக் கேட்கிறார்கள். இங்கே ஒளிந்துகொள்கிறார்கள். வெற்றுச் சீட்டு, யார் பெயரையும் எழுதலாம், எழுதப்பட்டவர் அறுபத்தைந்துக்குள் இருந்தால் மறுக்க வழியில்லை. அதனால் அந்த மாதம் முழுக்க ஊரில் ஒரே நோய். ஒருவர் நொண்டினார். மரம் அறுக்கும் அலோயிஸ் தனக்குக் காது கேட்பதில்லை என்று விடுதியில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அலோயிஸ் பெயரை எழுதிப் போட்டேன். பூசை முடிந்து பள்ளிக்கூடத்தில் எண்ணினார்கள். எண்பத்துமூன்று சீட்டு. நாற்பத்தேழில் என் பெயர்.

நான்கு வருடம். சாலையும் பனிச்சரிவும் புதிதாக வருபவர் தலையில்தான், யாரும் கேட்டு வாங்காத பொறுப்பு அது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை பள்ளத்தாக்கை விட்டு ஒரு நாளுக்கு மேல் நகர முடியாது. ஜனவரி ஒன்றாம் தேதி பதவி ஏற்க வேண்டும்.

முதலில் கோபம். இரண்டு நாளில் அது அடங்கி ஓர் ஆவல் வந்து உட்கார்ந்துகொண்டது. யார் அந்த நாற்பத்தேழு பேர்? நான் ஓட்டும் காலை ஆறு நாற்பது பேருந்தை எடுத்ததும் மேலே கண்ணாடியில் பார்ப்பேன். முப்பது வருடமாகப் பார்க்கும் முகங்கள். இப்போது எல்லோரும் ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறார்கள், வெளியே இருட்டு. எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் பெயரை எழுதியவர்கள். என்னைப் பற்றி எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அலோயிஸ் மட்டும் ஏறும்போது தொப்பியைக் கழற்றி, 'உறுப்பினர் அம்மா, பாலத்துகிட்ட இறங்க உத்தரவு உண்டுங்களா?' என்றான். இறங்கும்போது, என் பெயரை எழுதியது நீதானே என்று பிடித்துக்கொண்டேன். 'நான் மட்டுமா? ஒரு பத்துப் பதினஞ்சு பேர் சொல்லி வெச்சு எழுதினோம் ஹெடி. நம்ம பேர் வராம இருக்கணும்னா யார் பேராவது வந்தாகணும்ல?' சரி, ஏன் என் பெயர் என்று கேட்டேன். 'நீ எப்படியும் தினம் ரோட்டுலதானே கெடக்கே.' உன் பெயரைத்தான் நான் எழுதினேன் என்று சொன்னதும், 'அடிப்பாவி!' என்று பாலத்தில் நின்று சிரித்தான். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

பதினைந்து பேர் கணக்கு தீர்ந்தது. மீதி? ஃப்ரேனியிடம் போனேன். அவள் குவளை துடைத்துக்கொண்டே, 'போன பிப்ரவரில பஸ்ஸ நிறுத்தினியே, அதான்' என்றாள். உனக்கு நான் அதைச் சொல்லவில்லை. அன்று சாலை திறந்திருந்தது, போகலாம் என்றே சொல்லியிருந்தார்கள். எனக்குச் சாலைக்கு மேலே கரடிச் சரிவின் பனி விளிம்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சரிவுப் பனி விழாமல் சாலைக்கு மேல் கட்டியிருக்கும் பனிக்கூரைக்கு முன்னால் நிறுத்தினேன். பத்தொன்பது பயணிகள், இரண்டு மணி நேரம். ஃப்ரேனிக்கு ஆல்ட்டோர்ஃபில் கண் மருத்துவர், நான்கு மாதம் காத்து வாங்கிய நேரம். கழுதை என்று திட்டினாள். எதுவும் விழவில்லை. அன்றும் இல்லை, அந்த வாரமும் இல்லை. பேருந்து நிர்வாகத்திடமிருந்து எனக்கு எழுத்தில் கண்டிப்பு வந்தது. அந்த நாளை நான் ஒரு தோல்வியாகவே மடித்து வைத்திருந்தேன். ஒன்றும் விழவில்லையே ஃப்ரேனி என்றேன். 'விழலதான், அதுக்கு என்ன இப்போ? நாங்க அத்தனை பேர் கத்தறோம், நீ சாவிய எடுத்துப் பையில போட்டுக்கிட்டு ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தே. அந்த வேலைக்கு அப்படி ஒருத்தி வேணும்.' பிறகு, 'கண் டாக்டர் விஷயத்த நான் இன்னும் மன்னிக்கல, அது வேற' என்றாள்.

அன்று நான் செய்தது சரியா என்று இன்றும் தெரியவில்லை. சரிவு பதில் சொல்வதில்லை.

தப்பிக்க ஒரு வழி உண்டு. ஊரை விட்டுப் பதிவை மாற்றிக்கொள்வது. லூசெர்னிலிருந்து உன் சித்தி அக்னெஸ் தினமும் கூப்பிட்டாள். 'அக்கா, பேப்பர என் வீட்டுக்கு மாத்திக்கோ, பிள்ளையப் போய்ப் பாரு, அப்புறம் மெதுவாத் திரும்பிக்கோ.' இரண்டு வருடம் முன்பு தச்சர் குடும்பம் அப்படித்தான் போனது. திரும்பி வந்துவிட்டார்கள். எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள், யாரும் சீட்டாட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. போன புதன் எனக்கு விடுமுறை, லூசெர்னுக்குப் போனேன். சித்தி அஞ்சல் பெட்டியில் என் பெயரை ஏற்கெனவே ஒட்டியிருந்தாள். பதிவு அலுவலகத்தில் படிவம் முழுவதும் நிரப்பினேன். கையெழுத்து மட்டும் பாக்கி. வெளியே மழை, ஏரி, குடைகள். ஒருவரும் தலை தூக்கி மேலே பார்க்கவில்லை. இங்கே மலையை யார் கவனிப்பார்கள் என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். 'மலையா? அது பாட்டுக்கு இருக்கும்மா' என்று சிரித்தாள், நல்ல பெண். படிவத்தைக் கைப்பைக்குள் வைத்து, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றேன். சித்தி மக்ரோனியும் ஆப்பிள் கூழும் வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டாள். 'பிள்ளைய விட அந்தச் சரிவு பெருசா உனக்கு?' என்று கேட்டாள். இதை உன்னிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை மன்றத்துக்குச் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

ஆக ஜனவரியில் நான் வரவில்லை, ரெமிகி. நாம் நேரில் பார்த்துக்கொள்ளாத நான்காவது குளிர்காலம் இது. நீ எனக்காக அறைக்கு வெள்ளையடித்துப் படம் அனுப்பினாய், அந்த நீலத் திரைச்சீலையையும் பார்த்தேன். புதிதாகத் தொடங்கிய டிராக்டர் பட்டறையை விட்டு உன்னால் நகர முடியாது, தெரியும். டிக்கெட்டை மே ஆறுக்கு மாற்றியிருக்கிறேன். மே மாதத்தில் உன் ஊர் சஸ்கட்டூனில் சேற்றைத் தவிர ஒன்றும் இருக்காது என்பாய். இருக்கட்டும்.

ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். ஃபுரர் வேலையைச் சொல்லிக்கொடுத்தார். தினமும் காலை நாலரைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கோல் நட்டுப் பனி அளக்க வேண்டும், ஐந்தரைக்குள் சாலையைத் திறப்பதா என்று முடிவு. வீட்டுக்கு வந்து மணியைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அப்போது உனக்கு இரவு ஒன்பதரை. பட்டறையைப் பூட்டி, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு நீ சும்மா உட்காரும் நேரம். ஏழு வருடமாக அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இந்தக் குளிர்காலம் முழுவதும் விழித்திருப்பேன். கூப்பிடு. ஐந்து மணி வரை பேசலாம். அதற்குப் பிறகு வேண்டாம், நான் மேலே பார்க்க வேண்டும்.

உன் ஊரில் தலைக்கு மேல் வானத்தைத் தவிர எதுவும் இல்லை என்று எழுதியிருந்தாய், அது அப்படியே இருக்கட்டும், கடவுள் உன்னைத் தன் உள்ளங்கையில் வைத்திருக்கட்டும். வண்டிக்குக் குளிர்காலச் சக்கரம் மாற்றிவிட்டாயா? மாற்று.

உன் அம்மா
ஹெட்விக்