கரோலினாவைப் பரீட்சை எழுத விடுங்கள்

அனுப்புநர்:
திருமதி அனஸ்ரேசியா பிலேந்திரன்,
டிராம் வண்டிச் சாரதி,
குறொன்லாண்ட், ஒஸ்லோ.

பெறுநர்:
முறைப்பாட்டு அதிகாரி அவர்கள்,
பாடசாலைகள் மேற்பார்வைப் பிரிவு,
ஒஸ்லோ.

விடயம்: ஒன்பதாம் வகுப்பு மாணவி கரோலினா பிலேந்திரனுக்கு, கேளாமலே வழங்கப்பட்ட தேசியப் பரீட்சை விலக்கை நீக்கி, வரும் செப்டெம்பர் மாதப் பரீட்சைக்கு அவரை அனுமதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி மாணவி என் மூத்த மகள். ஒஸ்லோவில் பிறந்தவள். அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வசனமே நோர்வேஜிய மொழியில்தான் வந்தது. பாலர் பாடசாலையில் தன் சிவப்பு வாளியைப் பறித்த பிள்ளையிடம், அது தன்னுடையது என்று சொன்னாள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நோர்வேஜிய மொழி போதாது என்று எங்கள் வட்டாரப் பாடசாலை முடிவுசெய்து, சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புத் தேசியப் பரீட்சையிலிருந்து அவளை விலக்கி வைத்தது. இந்த ஆண்டும் விலக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. அதை ஆட்சேபித்தே இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன். பாடசாலையின் பெயரைத் தனித் தாளில் இணைத்துள்ளேன்.

2. தமிழில் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். எனக்கு நோர்வேஜிய மொழி தெரியும். மன்னாரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவளான எனக்கு இந்த அரசாங்கம் எந்த விலக்கும் தரவில்லை. மொழிப் பரீட்சை எழுது, சித்தியடை, பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்றது. முதல் தடவை தவறி, இரண்டாம் தடவை சித்தியடைந்தேன். இன்று இந்த நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன். தாங்களும் என் வண்டியில் ஏறியிருக்கக்கூடும். ஆனால் நோர்வேஜிய மொழியில் எனக்குக் கோபப்பட வராது. எழுதத் தொடங்கினால் நன்றி, வணக்கம், நல்ல வார இறுதி அமையட்டும் என்று போய் முடிந்துவிடும். ஆகவே கோபம் வருகிற மொழியில் எழுதி, மொழிபெயர்ப்பு ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

3. நடந்தது இதுதான். சென்ற ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், எட்டாம் வகுப்புத் தொடங்கியவுடன், பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார்கள். எனக்கு வேலை; என் கணவர் பிலேந்திரன் போனார். வகுப்பாசிரியை, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வீட்டில் தமிழ் மட்டும்தான், வேறு பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லியிருக்கிறார்.

ஐயா, எங்கள் ஆட்களிடம் யார் இதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் அப்படிச் சொல்லும் குடும்பத்துக்குக் கைதட்டு விழும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது, எவர் வீட்டுப் பிள்ளை நல்ல தமிழ் கதைக்கிறது என்பதில் ஒரு போட்டியே நடக்கும். உண்மையில் எங்கள் வீட்டில் கரோலினாவும் அவள் தம்பி கிளின்ரனும் சண்டை பிடிப்பதும், சிரிப்பதும், எங்களுக்குத் தெரியாமல் இரகசியம் பேசுவதும் எல்லாம் நோர்வேஜிய மொழியில்தான். தமிழ் எங்களோடு, அதுவும் சாப்பாட்டு மேசையில். என் கணவர் சொன்னது பெருமை. கேட்ட ஆசிரியை அதை நோயாக எழுதிக்கொண்டார். பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசித்துக் காட்டு என்று கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அதை எவரும் செய்யவில்லை.

இது பெற்றோரின் பிழை என்று பின்னர் எனக்குச் சொல்லப்பட்டது. அதை நான் ஏற்கவில்லை. தாய்மொழி பேசுகிறோம் என்று சொல்வது இந்த நாட்டில் குற்றமென்றால் அதை முதலே அறிவித்திருக்க வேண்டும். என் கணவருக்கு நான் சொல்ல வேண்டியதை வீட்டில் சொல்லிவிட்டேன்; அது தங்கள் அலுவலகத்துக்கு அவசியமில்லை.

4. சில நாட்களில் கரோலினாவை விசேட நோர்வேஜிய மொழிக் குழுவில் சேர்த்தார்கள். அந்தக் குழுவில் அந்தக் கோடையில்தான் இந்நாட்டுக்கு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த வகுப்பு வேண்டும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் மகள் அங்கே படிக்கவில்லை, படிப்பித்தாள். ஆசிரியைக்கு வேறு அலுவல் வந்தால் குழுவை அவளிடம் விட்டுவிட்டுப் போவாராம்.

பரீட்சை விலக்கு பற்றிய அறிவித்தல் எங்கள் கைபேசிக்கு வந்தது. தலைப்பேன் பற்றிய அறிவித்தலுக்கும் மழைச்சப்பாத்து பற்றிய அறிவித்தலுக்கும் நடுவில். என் கணவர் எல்லாவற்றுக்கும் பார்த்தேன் என்று அழுத்துவார், இதற்கும் அழுத்தினார். வாசிப்புப் பரீட்சை நடந்த நாளில் மற்றப் பிள்ளைகள் கணினிக்கு முன்னால் இருக்க, இந்தக் குழுவைக் காட்டுக்கு அழைத்துப்போய், நெருப்பு மூட்டி சொசேஜ் சுட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையின் உடுப்பில் புகை மணத்தது. பரீட்சை எப்படி என்று நான் கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

5. நவம்பரில் முடிவுகள் வெளிவந்தன. எங்கள் பாடசாலையின் சராசரி ஏறிவிட்டதாம். நகரசபை அரசியல்வாதி ஒருவர் பாராட்ட வந்தார். பெரிய கேக் வெட்டினார்கள். அவரை வரவேற்று உரையாற்ற ஒரு மாணவி தேவைப்பட்டாள். நல்ல உச்சரிப்பு, பயமில்லாத குரல், முகமும் கொஞ்சம் மாநிறமாக இருந்தால் படத்துக்கு நன்றாக இருக்கும். தாங்கள் ஊகித்தது சரி. பாடசாலை முழுவதற்கும் முன்னால், நோர்வேஜிய மொழியில், தாளைப் பார்க்காமல் வரவேற்புரை ஆற்றியவள், நோர்வேஜிய மொழி போதாதென்று விலக்கப்பட்ட என் மகள் கரோலினா. வட்டாரப் பத்திரிகையில் படமும் வந்தது. அதிபர் அவள் கையில் கேக் துண்டைக் கொடுத்து, இந்த வெற்றியில் உனக்கும் பங்கு உண்டு என்று சொன்னாராம். அதிபர் பொய் சொல்லவில்லை. விலக்கப்பட்ட பிள்ளைகள் அனைவருக்கும் அந்தச் சராசரியில் பங்கு உண்டு.

6. அந்தக் கேக் துண்டை அவள் சாப்பிடவில்லை. கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நான் வேலையால் வந்து சீருடையோடு நின்றேன். என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அம்மா, நான் மொக்கோ?"

பரீட்சைக்கு ஆகாதவளென்று ஒதுக்கியவர்களே மேடைக்கு மட்டும் கூப்பிட்டால் பிள்ளை எதை நம்புவது? அவள் பேச்சு நல்லதென்று அவளுக்குத் தெரியும். ஆகவே பேச்சில் அல்ல, மூளையில்தான் குறை என்று தானே முடிவுகட்டியிருந்தாள். நான் சிரித்து, என்ன விசர்க் கதை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுததை அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். பை நிறைய நூலகப் புத்தகம் தூக்கி வந்த பிள்ளை அதன் பிறகு நூலகப் பக்கம் போகவில்லை. வகுப்பில் கை உயர்த்துவதை நிறுத்திவிட்டாள். மருத்துவத் தாதியாக வருவேன், இல்லை வழக்கறிஞராக வருவேன் என்று மாறி மாறிச் சொன்னவள், இப்போது கேட்டால் தோளைக் குலுக்குகிறாள்.

7. நான் அதிபரைச் சந்தித்தேன். மிகவும் அன்பான மனிதர், கோப்பி தந்தார். பரீட்சை பிள்ளைகளுக்கு மன அழுத்தம் தரும், அதிலிருந்து அவளைக் காப்பாற்றியிருக்கிறோம் என்றார். தேசியப் பரீட்சைப் புள்ளி சான்றிதழில் சேராது, அதனால் நட்டம் எதுவுமில்லை என்றும் சொன்னார். ஒன்றுக்கும் உதவாத பரீட்சைக்கு ஏன் கேக் வெட்டினீர்கள் என்று கேட்டேன். அது பாடசாலையின் ஊக்கத்துக்காக என்றார். என் மகளின் ஊக்கம் எந்தக் கணக்கில் வரும் என்று கேட்க நினைத்தேன். நோர்வேஜிய மொழியில் அது நன்றியாகத்தான் வெளியே வந்தது.

8. தேர்தல் நெருங்குவதால் சென்ற வாரம் அதே பாடசாலை மண்டபத்தில் கல்வித் தரம் பற்றி விவாதம் வைத்தார்கள். வேலை முடிந்து நேரே போனேன். ஒரு வேட்பாளர், தேசியப் பரீட்சையை ஒழிக்க வேண்டும், அது பிள்ளைகளை எடைபோட்டுத் தரம் பிரிக்கிறது என்றார். மற்றவர், பரீட்சையைக் கூட்ட வேண்டும், அப்போதுதான் தரம் உயரும், இந்தப் பாடசாலையையே பாருங்கள் என்றார். இருவருக்கும் கைதட்டல் கிடைத்தது. நான் எழுந்து என் மகளின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். முதலாமவர், உங்கள் மகள் தப்பித்துக்கொண்டாள், சந்தோசப்படுங்கள் என்றார். இரண்டாமவர், வீட்டில் நோர்வேஜிய மொழி பேசப் பழகுங்கள் என்று புத்தி சொன்னார். இதை நான் நோர்வேஜிய மொழியில் கேட்டு, நோர்வேஜிய மொழியில் விளங்கி, நோர்வேஜிய மொழியில் அவருக்கு நன்றியும் சொல்லிவிட்டு அமர்ந்தேன்.

பரீட்சை நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதை ஒழிப்பதென்றால் எல்லாருக்கும் ஒழியுங்கள். வைப்பதென்றால் என் பிள்ளைக்கும் வையுங்கள். குறைந்த புள்ளி எடுத்தால் எடுக்கட்டும். அது அவள் எடுத்த புள்ளியாக இருக்கும்.

9. ஆகவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவது: கரோலினாவின் மொழித் திறனை, என் கணவரின் வாயை வைத்து அல்லாமல், அவளுடைய வாயை வைத்துச் சோதிக்க உத்தரவிட வேண்டும். அவளைச் சாதாரண நோர்வேஜிய வகுப்பில் மீண்டும் சேர்த்து, செப்டெம்பர் பரீட்சையில் மற்றப் பிள்ளைகளோடு இருத்த வேண்டும். பரீட்சைக்கு ஆகாதவளென்று எந்தச் சோதனையும் இல்லாமல் முடிவெடுத்தது தவறு என்பதை அதிபர் அவளுக்கு நேரில், அவளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேக் வேண்டாம்.

10. இந்தப் பத்தியை, மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு சேர்க்கிறேன்; இதை மட்டும் நானே நோர்வேஜிய மொழியிலும் எழுதி வைத்திருக்கிறேன். இணைத்துள்ள நோர்வேஜிய மொழிபெயர்ப்பைச் செய்தவர் வேறு யாருமல்லர், கரோலினாதான். கூலிக்கு ஆள் பிடிக்கவில்லை. அந்தக் கேக் நாளுக்குப் பின் முதல் தடவையாக அவள் மேசைக்கு முன்னால் விருப்பத்தோடு இருந்து எழுதியதைப் பார்த்தேன். தங்களைப் போன்ற ஓர் அதிகாரிக்கு எந்தச் சொல் பொருத்தம், எது கடுமை என்று என்னைத் திருத்தினாள். இரண்டு இடங்களில் நான் எழுதியதைவிட நன்றாக எழுதியிருக்கிறாள் என்று என் கணவர் சொல்கிறார்; அவர் சொல்வதைத் தாங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஆறாம் பத்தியை மொழிபெயர்க்க அவள் மறுத்துவிட்டாள். எவ்வளவு கேட்டும் மாட்டேன் என்றாள். "அது எங்கடை வீட்டுக் கதை, அம்மா. அவையளுக்கு அதைச் சொல்ல வேண்டாம்" என்றாள். மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ஆறு என்ற எண் மட்டும் இருக்கிறது, கீழே வெறுமை. நானும் அதை நிரப்பவில்லை. இம்மனுவில் தாங்கள் கட்டாயம் அறிய வேண்டியது அந்தப் பத்திதான். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து, அதை வாசித்துக் கேட்ட பின்னரே தீர்ப்பு எழுதும்படி வேண்டுகிறேன்.

பரீட்சைக்கு முன் தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
அனஸ்ரேசியா பிலேந்திரன்

இடம்: ஒஸ்லோ
திகதி: 27 ஓகஸ்ட் 2025

இணைப்பு: நோர்வேஜிய மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்தவர்: கரோலினா பிலேந்திரன், ஒன்பதாம் வகுப்பு; நோர்வேஜிய மொழி போதாமையால் தேசியப் பரீட்சையிலிருந்து விலக்களிக்கப்பட்டவர்.