நாக்குக்கு அடியில் ஒரு விதை

மாமாவுக்கு வணக்கம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தைக்குக் கண் தெளிந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நான் கூட்டும் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். அதன் விதை ராக்கெட்டில் வானத்துக்குப் போய் வந்ததாம். அப்படி மேலே போன இடத்தில் இறந்தவர்கள் நினைவாக நட்ட மரம். அவ்வளவு தூரம் போனதே திரும்பிவிட்டது பாருங்கள். என் பாஸ்போர்ட் இன்னும் முதலாளி பீரோவில்தான் கிடக்கிறது. பாப்பா போன அன்று, பெற்ற மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டேனே, "அதான் குழிய மூடியாச்சுல்ல, இனி போய் என்ன பண்ணப்போற?" என்றார். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம்.

அந்த மரத்தடியில் விழும் விதையை எல்லாம் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். பாப்பாவுக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை ஒன்றை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டேன். வாசலில் பையைச் சோதித்த வாட்ச்மேன், "என்னக்கா, இன்னைக்கு வாய்க்குப் பூட்டா?" என்றான். கன்னத்தைப் பிடித்துக் காட்டினேன். "பல்வலியா? கிராம்ப வச்சுக் கடிங்க" என்றான். அறைக்கு வந்ததும் சிரித்துவிட்டேன். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

என் சீப்பு உடைந்துவிட்டது. யாராவது வந்தால் பாப்பா சீப்பைக் கொடுத்தனுப்புங்கள். கழுவ வேண்டாம்.

விதையை இதிலேயே மடித்து வைத்திருக்கிறேன். அவள் தலைமாட்டில் ஊன்றுங்கள். தபால் எடுத்துப்போகும் டிரைவர் அண்ணன் ஹாரன் அடிக்கிறார். முளைத்தால் ஆடு கடித்தாலும் பரவாயில்லை மாமா, வேலி மட்டும் போடாதீர்கள்.