பூ வைக்காத செவலை

அகரம்,
16.1.1962

மகளே,

உன் கன்னியர் மடம் இருக்கிற ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தைப் பற்றி நீ புரட்டாசியில் எழுதிய கடிதத்தை அப்போது உன் அம்மா நாலு தரம் வாசிக்கச் சொன்னாள். கோடையெல்லாம் மலைமேல் மேய்ந்த மாடுகள், தலையில் பூவும் கழுத்தில் பெரிய மணியுமாக ஊருக்கு இறங்கி வருமாம். மாட்டுக்காரர் வீட்டில் அந்த வருஷம் சாவு விழுந்திருந்தால் பூவும் கிடையாது, மணியும் கிடையாதாம். "மாட்டுக்கும் துக்கம் உண்டுன்னு தெரிஞ்ச சனம். நம்ம புள்ள நல்ல ஊர்லதான் இருக்கா" என்றாள்.

மூன்று மாதமாக அம்மா ஏன் ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்காதே. எனக்குக் கோபம் வருகிறது. "அவ கன்னியாஸ்திரியா வார்த்தைப்பாடு குடுக்குற வரைக்கும் வீட்டு விஷயம் எதையும் எழுதாதீக. பாதியில ஓடியாந்துருவா" என்று ஜெபமாலைமேல் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். பங்குச் சாமியாரும் அதையேதான் சொல்கிறார். நான் எழுத மாட்டேன்.

மாட்டைப் பற்றி எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

நேற்று மாட்டுப் பொங்கல். தோட்டத்தில் செவ்வந்தி கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடந்தது. நம் செவலையைக் குளிப்பாட்டினேன். பூக் கட்டவில்லை. கழுத்து மணியையும் கழற்றி வைத்துவிட்டேன்.

உன் அப்பா