சும்மா இருந்த ஒன்பது நாள்

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். உன் உடம்பும் மனசும் எப்படி என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறேன், தனித்தனியாகவே எழுது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, உன் அண்ணன் வழக்கம்போல வேலையிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேசையிலேயே தூங்கி வழிகிறான். அண்ணிக்கு வேலை போனதுதான் உனக்குத் தெரியுமே. கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் ஏழு வருஷம் இருந்தவள், அறையை விட்டே வரவில்லை. நானோ முப்பது வருஷம் லிப்ட் ரிப்பேர் பார்த்தவன், கை சும்மா இருக்குமா? காலை நடை, கணினி வகுப்பு, விண்ணப்பம் போடுவது என்று மணிவாரியாக அட்டவணை எழுதி அவள் கதவில் ஒட்டினேன். போனில் நாளுக்கு இருபது வேலை விளம்பரம் அனுப்பினேன். ஒருநாள் கதவைத் திறந்து, "மாமா, நான் என்ன பாதியில நின்னுபோன லிப்டா?" என்று கேட்டுவிட்டுச் சாத்திக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது.

அப்போதுதான் நீ சொன்ன தாவோ என்கிற அந்தப் பழைய சீனத் தத்துவம் ஞாபகம் வந்தது. எதையும் வலிந்து செய்யாதே, குறைத்துக்கொண்டே வா, நடக்கவேண்டியதற்கு வழிவிடு என்றாயே, வேலைவெட்டி இல்லாதவர்கள் பேச்சு என்று அன்றைக்குச் சிரித்தேன், மன்னித்துவிடு. அட்டவணையைக் கிழித்தேன், போனை அம்மாவிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொன்னேன், மதியத்தில் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு ஒன்றில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். சும்மா இருப்பது இத்தனை கஷ்டம் என்று நீ சொல்லவே இல்லையே கண்ணு! வாய் நமநமத்தது. "என்னங்க, காய்ச்சலா?" என்று உன் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் அண்ணி தானாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் மூச்சு விடவில்லை. அவளே, "என் இடத்துக்கு வர்ற பொண்ணுக்கு என்னையே வேலை கத்துக்குடுக்கச் சொன்னாங்க மாமா, குடுத்துட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லி அழுதாள். வேலை போனதைவிட அந்த அவமானம்தான் அவளை அரித்திருக்கிறது, நான் விளம்பரம் அனுப்பிக்கொண்டிருந்தேன் பார். நேற்று கீழ்வீட்டு பேக்கரிக்காரர் கடையை மாற்றியமைக்க அவளிடம் யோசனை கேட்டார். போய்ப் பார்த்து, "புதுசா எதுவும் வேணாம், நடுவுல இருக்கிற அலமாரிய எடுத்துருங்க, போதும்" என்றாளாம். வரும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது.

நீயும் இரண்டு வேலை, மாலை வகுப்பு என்று ஓடுகிறாய். ஞாயிறு மதியத்தையாவது காலியாக விட்டுவை மகளே, எங்களுக்குப் போன் பண்ணக்கூட அதை எடுக்காதே. இதைப் படித்துக் காட்டினேன், அம்மாவுக்குக் கோபம்தான், நான் சமாளித்துக்கொள்கிறேன்.

நல்லதெல்லாம் நீ துரத்தாமலே உன்னிடம் வந்து சேரட்டும். நின்றுகொண்டே சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிடு.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா