குழல் ஏறுவதற்கு முன் ஒரு மூச்சு

ஜூலை 3, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். மலையைக் காணோம், மேகம் மட்டும். கொடியில் வேட்டி இன்னும் ஈரம்.

செவ்வாயும் புதனும் எழுதவில்லை. சேர்த்து எழுத வேண்டியவை:

1. சிடி பிளேயர் வந்தது, வைத்த விதம்.
2. கோமதிக்கு இதில் விருப்பம் இல்லை.
3. பழைய பிளேயரில் கேட்காத மூச்சு இதில் கேட்கிறது.
4. அடுத்த வியாழன் வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா.

முதலாவது. கொச்சிக் கடையிலிருந்து ஷாஜி காரில் கொண்டுவந்தார். கணவாய் வழியெல்லாம் மழையாம். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் வெள்ளைத் துணி உறை. தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஷாஜி மூச்சு வாங்கிக்கொண்டே, "சாரே, ஒரு ஆழ்ச்ச கேட்டு நோக்குங்கோ. பிடிச்சா வச்சுக்கோ. பிடிச்சில்லெங்கில் ஞான் வந்து எடுத்துட்டுப் போகாம்" என்றார். ஒரு வாரம் கேட்டுப் பார்க்கலாம் என்பதே பெரிய மரியாதை. இவ்வளவு நல்ல பொருளுக்கு நான் தகுதியானவனா என்று அவரிடமே கேட்கப் பார்த்தேன். கேட்கவில்லை.

மாடி அறை. அடுப்படியில் மீந்த கடப்பைக் கல் கீழே, அதன்மேல் பிளேயர். ஸ்டெபிலைசர் தனி. ஸ்பீக்கர்களுக்கும் என் நாற்காலிக்கும் நடுவே நூல் பிடித்து அளந்தேன். முக்கோணம் சரியாக அமைய வேண்டும். சரியான இடம் ஒன்றுதான். மற்ற சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டேன், சத்தம் எதிலும் மோதித் திரும்பக் கூடாது என்று.

இதில் சிடித் தட்டு முன்பக்கமாக உள்ளே போவதில்லை. மேல்மூடியைத் தள்ளி, கையால் வைத்து, அதன்மேல் ஒரு காந்த வில்லை வைக்க வேண்டும். குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல். மூடியதும் ஒன்றுமில்லை. சுழல்வதே கேட்பதில்லை. பழையது கிர்ரென்று கத்தும். இந்த அமைதிக்கு ஓர் ஆழம் இருக்கிறது, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல. அதற்குள்ளிருந்து குழல் வருகிறது.

இரண்டாவது. முதல் நாளே கோ.வைக் கூப்பிட்டுக் கேட்டேன், எப்படி இருக்கு என்று. நின்றபடியே கொஞ்சம் கேட்டாள். "எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்றாள். "அரிசி ஊறுது." போய்விட்டாள். நான் பொத்தானை அழுத்தினால் அவளுக்கு ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

மூன்றாவது. புதன் மாலை, புல்லாங்குழல் தட்டு, சகானா ஆலாபனை. எத்தனையோ தடவை கேட்டது. குழல் கீழே சுற்றிச் சுற்றி வந்து, தயங்கி, மேலே ஏறும் இடம். ஏறுவதற்குச் சற்று முன் ஒரு மூச்சு. உள்ளே இழுக்கும் மூச்சு, மெல்லியது. இத்தனை வருடம் கேட்டதில்லை. அதுவும் ஸ்பீக்கரிலிருந்து வருவதுபோல் இல்லை. என் தோளுக்குப் பின்னால், இடப்பக்கமாக. நல்ல கருவியில் ஒலி ஸ்பீக்கரை விட்டு விலகி அறையில் நிற்கும் என்று படித்திருக்கிறேன். இதுதான் போலும். வாசித்தவர் காலமாகி வெகுகாலம். மூச்சு மட்டும் என் அறையில்.

மறுபடி போட்டேன். மறுபடி வந்தது. இன்று போட்டபோதும் வந்தது.

நான்காவது. தெரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

சாரல். சாமுவேல் அண்ணாச்சியோடு குற்றாலம். அவருக்கு பஜாரில் ஜவுளிக்கடை. அதே சகானா தட்டு அவரிடமும் உண்டு, காரில் போடுவார். ஐந்தருவியில் கூட்டம். லாட்ஜ்காரர்கள் ரோட்டுக்கே வந்து கூப்பிடுகிறார்கள்.

எண்ணெய் தேய்ப்பவர் என்னைப் பார்த்து, "சாமி, வாங்க. ஒரு பிடி பிடிச்சா எலும்பெல்லாம் பேசும்" என்றார். என் எலும்பு என்ன பேசுமோ என்று பயந்து வேண்டாமென்றேன். பக்கத்தில் ஒரு பெண் மகளிடம்: "ஏட்டி, தலையைக் குடுட்டி. தண்ணி கடிச்சா வைக்கும்?"

அருவிக்குக் கீழே நின்றால் சத்தம் என்பதே இல்லை. எல்லாச் சத்தமும் சேர்ந்து ஒரு வெள்ளை. அதற்குள்ளும் அந்த மூச்சைத் தேடினேன் என்பதை எழுதிவைக்கிறேன், வெட்கம்தான்.

திரும்பும்போது அண்ணாச்சியிடம் மூச்சைப் பற்றிச் சொன்னேன். காரை ஓரங்கட்டிச் சிரித்தார். "ஏன் சார், மூச்சு கேக்கதுக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி? எங்க வீட்டுக்கு வாங்க. உங்க மயினி, எம் பொண்டாட்டி, குறட்டையே விடுவா, ஓசியில கேக்கலாம்." ஞாயிறு வந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மாலை மறுபடி சகானா. மூச்சு வந்தது. கோ. மொட்டை மாடியில் காயப்போட்ட துணி பார்க்கப் போவதாகச் சொன்னாள். இந்தச் சாரலில் எது காயும்.

வாங்க வேண்டியவை: பல்பு, மூட்டுவலித் தைலம், தட்டு துடைக்கும் துணி.

ஜூலை 6, ஞாயிறு

வெயில். மலை முழுவதும் வெளியே வந்து நின்றது, கழுவிவைத்த பாத்திரம்போல.

மா. 4க்கு சாமுவேல் அண்ணாச்சி. கோ. கீழே வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். என் நாற்காலியில் அவரை உட்காரவைத்தேன், நான் சுவரோரம் நின்றேன். சகானா. அந்த இடம் வந்தது. விரல் உயர்த்திக் காட்டினேன்.

மூச்சு வரவில்லை.

மறுபடி போட்டேன். வரவில்லை. அண்ணாச்சி கண்ணை மூடி, திறந்து, மறுபடி மூடி, "நல்லாத்தான் சார் இருக்கு. தேன் மாதிரி. ஆனா மூச்சை நான் காணலியே" என்றார். அதற்குள் கோ. வடைத் தட்டோடு மேலே வந்தாள். அவர் வடையை எடுத்துக்கொண்டு, "மயினி, சார் பெட்டில மூச்சு காணாமப் போச்சு. போலீசுல சொல்லணுமா?" கோ. சிரிக்கவில்லை. "என்ன மூச்சு?" என்றாள். நான், ஒன்றுமில்லை, தட்டில் உள்ளது என்றேன். அவள் சட்னி எடுத்துவரப் போனாள்.

அவர் காரில் போட்டுப் பார்த்தோம். அதிலும் இல்லை. அதில் இருக்காது, அது கார்.

அவர் போனபிறகு நான் மட்டும் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு காலத்தில் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். ஒருவன் மட்டும் கண்டது கண்டதாகாது என்று மாணவர்களிடம் சொன்னவன்.

ஜூலை 7, திங்கள்

வெயில். காற்று மட்டும் உண்டு.

கோ. காலையிலேயே பாவூர்சத்திரம், தங்கை மகள் வீட்டுக்கு. மார்க்கெட்டில் காய் மலிவாம், அதையும் சாக்காகச் சொன்னாள். வீடு காலி. சோதிக்க நல்ல நாள்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற விதிப்படி:

அ) தட்டு துடைத்து. மூச்சு இல்லை.
ஆ) ஸ்டெபிலைசர் இல்லாமல். இல்லை.
இ) வயரை இடவலம் மாற்றி. இல்லை.
ஈ) ஜன்னல் சாத்தி, திறந்து. இல்லை, இல்லை.

குழல் அதே அழகு. அந்த இடத்தில் மட்டும் ஒரு பள்ளம்.

பயம் வந்தது, பிளேயருக்காக இல்லை. எழுபத்தொரு வயதில் இல்லாத மூச்சைக் கேட்பவனை என்ன சொல்வார்கள். சின்னச் சின்னதாகத் தொடங்கும் என்கிறார்கள். கோ.விடம் சொல்வதா? சொல்லவேண்டாம்.

மதியம் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டது. குழல் ஓடிக்கொண்டிருந்ததோ என்னவோ. கணவாய் வழியாகக் காற்று வந்து, ஜன்னலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல. வா என்றேன். விழித்தால் அறை நிறைய மஞ்சள் வெளிச்சம், பிளேயரில் ஒரு சிறு நீலப் புள்ளி. யாருக்காகவோ காத்திருந்ததுபோல் இருந்தது. யாருக்கென்று தெரியவில்லை.

மாலை கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் கோ. வந்தாள். பையில் வெண்டைக்காய், முருங்கை. "சாப்டியளா?" என்றாள். சாப்பிட்டிருக்கவில்லை. திட்டினாள். வீடு மறுபடி வீடானது.

ஜூலை 8, செவ்வாய்

சாரல் திரும்பிவிட்டது. காலையிலேயே இருட்டு.

மாலை சகானா. மூச்சு வந்தது!

ஓடிப்போய் நாட்குறிப்பைப் புரட்டினேன். வியாழன், வெள்ளி சாரல், மூச்சு உண்டு. ஞாயிறு, திங்கள் வெயில், இல்லை. இன்று சாரல், உண்டு. முதலில் கேட்ட புதனும் மழைதான். ஈரப்பதம்! ஈரக்காற்றில் ஒலி வேறுவிதமாகப் பயணிக்கும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஈரம் குடித்து இளகும். காரணம் எதுவோ, புத்தி சரியாகத்தான் இருக்கிறது. என்ன நிம்மதி. கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டேன் போல.

கீழேயிருந்து கோ.: "என்ன, தன்னால சிரிக்கிய?"

"சாரல், கோமதி!"

"சாரலுக்குச் சிரிக்க ஆளை இப்பத்தான் பாக்கேன்."

பிறகு சந்தோஷத்தில் அவளுக்கும் காட்ட நினைத்து, மேலே வா, ஒன்று கேள் என்றேன். காப்பியோடு வந்தாள். தட்டைப் போட்டேன். முதல் ஸ்வரம் கேட்டதும் டம்ளரை வைத்துவிட்டு, "மாவு பொங்கிரும்" என்று இறங்கிவிட்டாள்.

காப்பி ஆறும்வரை குடிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

காலையில் சாரல், மதியத்துக்குமேல் வெயில்.

நான்காவதை முடிவு செய்தேன். திருப்பிக் கொடுப்பது. காரணம் இரண்டாவது, கோமதிக்கு விருப்பம் இல்லாதது. நாற்பத்தாறு வருடக் குடித்தனம். இருப்பது இரண்டு பேர். அதில் ஒருவரை அறையை விட்டு அனுப்பும் பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தால் என்ன. பழையதற்கும் இப்படித்தான் எழுந்து போவாளோ? கவனித்ததில்லை. அது எனக்கே தெரியாதது இன்னும் மோசம்.

மதியம் ஷாஜிக்குப் போன் செய்தேன். "அய்யோ சாரே, சவுண்டு பிடிச்சில்லையா?" என்றார். நல்ல சவுண்டு, நல்ல சவுண்டு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. நாளை காலை வருவார்.

கடைசியாக ஒருமுறை கேட்க மேலே போனேன். வெயில். மூச்சு வராது என்று தெரியும், அதனால் மனதைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று மட்டும் பார்க்க ஆசை: இந்த இயந்திரத்தின் வெறும் அமைதி எப்படி இருக்கும். குழல் ஏறும் இடத்துக்குச் சற்று முன் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன்.

குழல் நின்றது. மூச்சு வந்தது.

இயந்திரம் நிற்கிறது. மூச்சு வந்துவிட்டது. தோளுக்குப் பின்னால், இடப்பக்கம்.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். மாடிப்படியின் மேல்படியில் கோ. முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண் மூடி.

கண்ணைத் திறக்காமலே, "ஏன் நிறுத்திட்டிய?" என்றாள்.

"நீ இங்கேயா இருக்கே?"

"பின்ன எங்கன இருக்க? அந்த எடம் வருதுல்லா. அந்த மனுசன் மூச்சே எடுக்காம மேல ஏறுதாரு. கேக்க எனக்குல்லா நெஞ்சு முட்டுது. அவருக்கும் சேத்து நான் ஒண்ணு எடுத்துக்கிடுவேன்."

"எவ்வளவு நாளா இப்படி?"

"பழைய டப்பா இருக்கும்போதும் இங்கனதான். அது கிர்ருன்னு கத்திக்கிட்டுக் கெடக்கும். உங்களுக்கு என்ன கேக்கப் போகுது."

"மாவு, அரிசி, துணின்னு போவியே?"

"போய்ட்டு வருவேன். இல்லன்னா இங்கனயே இருப்பேன். நீங்க என்னைக்குத் திரும்பிப் பாத்திய?"

"உள்ளே வந்து உட்காரலாமே, கோமதி."

"எங்கன? நடுவுல ஒத்த நாற்காலியைப் போட்டு, நூல் புடிச்சு அளந்து, மூலவர் மாதிரில்லா உக்காந்திருக்கிய. நான் எங்கன உக்கார? ஸ்பீக்கர் மேலயா? ஒரு இருமல் இருமினாக்கூட நந்தி குறுக்க நின்ன மாதிரி பாப்பிய."

"எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்குன்னு சொன்னியே" என்றேன்.

"ஆமா. அவரு வாசிக்கது அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துது, இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கு. இதுல என்ன குத்தம்?"

குற்றமில்லை. நாளை ஷாஜி வந்து எடுத்துப்போவார் என்று மெதுவாகச் சொன்னேன்.

இப்போதுதான் கண்ணைத் திறந்தாள். "யாரைக் கேட்டுச் சொன்னிய?"

"உனக்குப் பிடிக்கலைன்னு..."

"நான் சொன்னனா? வரட்டும், காப்பி குடுத்து அனுப்புதேன். இது இங்கனயே கெடக்கட்டும். இப்பம் போடுங்க, பாதியில நிறுத்தினா நெஞ்சுலயே நிக்குது."

நான் எழுந்து தரையில் உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்றாள். அவளும் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். இருவரும் முக்கோணத்துக்கு வெளியே. போட்டேன். வெயில் இறங்கிச் சுவரில் ஒரு துண்டு நின்றது. குழல் ஏறியது. அவள் மூச்சு இழுத்தாள். எனக்குத் தெரியாமல் நானும்.

சாரல், ஈரப்பதம், காகிதக் கூம்பு எல்லாம் வீண் கணக்கு. மூன்றாவதை அடிக்கத்தான் பேனாவை எடுத்தேன். திரும்பப் படித்தால், பழையதில் கேட்காத மூச்சு இதில் கேட்கிறது என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். யாருடையது என்று எழுதவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவதுதான் தவறு.